மீட்டர் அறுநூற்று நாற்பது

பாளை மார்க்கெட்டில் மீரான் கடை.
மேசையில் இரண்டு சிவப்பை விரித்துப்போட்டார்.
ஒன்று நூற்றிப்பத்து.
மற்றது அறுநூற்று நாற்பது.
"கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா,
கைக்குத்தான் வித்தியாசம் தெரியும்" என்றார்.
என் கைக்கும் தெரியவில்லை.
பகலெல்லாம் குடிநீர் வாரியத்தில்
பாக்கி நோட்டீஸ் புரட்டுகிற கை.

ஒட்டுப்போர்வைக்கு ஆறரை மீட்டர்.
நாலாயிரத்து நூற்று அறுபது.
வீட்டில் சொன்னதும் சாலமோன்
சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டார்.
"அந்தக் காசுக்கு
லூதியானா கம்பளி நாலு வரும் எப்சிபா.
அதுவும் போவட்டும்,
இந்த ஊர் வெயிலுக்குப்
போர்வை கேக்குதாக்கும்?"

கேட்கும்.
ஐப்பசி அடைமழையில் இருபது ராத்திரி,
மார்கழியில் இருபது.
வருடத்துக்கு நாற்பது, பத்து வருடத்துக்கு நானூறு.
வகுத்துப் பார்த்தேன்:
ராத்திரிக்குப் பத்து ரூபாய் நாற்பது பைசா.
பஸ் ஸ்டாண்டு டீயை விடக் குறைவு.
பத்து வருடம் கிழியாது என்று
எனக்கு யார் சொன்னது?

மறுநாள் இரண்டிலும் கால் மீட்டர் வாங்கினேன்.
மீரான் சிரித்துக்கொண்டே கிழித்தார்.
ஆளுக்கொரு வாளி, ஒரு ராத்திரி ஊறல்.
காலையில் நூற்றிப்பத்தின் வாளி
வெற்றிலை போட்டுத் துப்பியது போலிருந்தது.
அறுநூற்று நாற்பதின் வாளியிலும்,
இல்லை என்று சொல்ல மாட்டேன்,
ஓர் இளஞ்சிவப்பு.
விலை கூடினால் பொய் குறைகிறது,
இல்லாமல் போவதில்லை.

காயவைத்து, இஸ்திரி போட்டு, அளந்தேன்.
மலிவு இரண்டு விரற்கடை சுருங்கியிருந்தது.
கஞ்சி கழுவிப்போன பிறகு
அதைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால்
டியூப்லைட்டே தெரிகிறது.
ஒரு சல்லடைக்குச் சிவப்புச் சாயம் பூசி
மீட்டர் போட்டு விற்றிருக்கிறார்கள்.

அப்போதுதான் எழுதாமல் விட்ட கணக்கு ஒன்று
நினைவுக்கு வந்தது.
சமைத்துக் கழுவி, ஒன்பதிலிருந்து பதினொன்று வரை
எண்பது ராத்திரி தைக்க வேண்டும்.
நூற்று அறுபது மணி நேரம்.
எதிர் மனையில் மண் சுமக்கிற சித்தாளுக்கு
நாளுக்கு ஐந்நூறு என்றால்
எனக்குப் பத்தாயிரம்.
அந்தப் பத்தாயிரத்தை நானே
சும்மா என்று வைத்திருந்ததால்தானே
துணி மட்டும் விலையாகத் தெரிந்தது.
சல்லடையின் மேல்
எண்பது ராத்திரியைக் கொட்டி வைப்பதா?

இதை அப்படியே போய்
பக்கத்து வீட்டுக் கதீஜாவிடம் சொன்னேன்.
அவள் பேசாமல் உள்ளே போய்
தன் போர்வையைக் கொண்டு வந்து
என் மடியில் போட்டாள்.
தையல் கடை வெட்டுத்துண்டு. காசே கிடையாது.
பதினொரு வருடம்.
மூன்று பிள்ளைகள் மூத்திரம் பெய்து துவைத்தது.
ஓரத்தில் கூட நூல் பிரியவில்லை.

தோற்றுப்போன மாதிரிதான் இருந்தது.
பிறகு துண்டு துண்டாகத் தடவிப் பார்த்தேன்.
எல்லாம் டூ பை டூ ரூபியா.
யார் யாரோ நல்ல விலை கொடுத்து
ரவிக்கைக்கு எடுத்த துணியின் மிச்சம்.
"ஏளா, இதுக்கு வெல இருந்திருக்கு,
நீ குடுக்கல, அவ்வளவுதான்" என்றேன்.
"அதத்தானே நானும் சொல்லுதேன்" என்றாள்.
அவள் என்ன சொல்கிறாள் என்பது
இன்னும் எனக்குச் சரியாக விளங்கவில்லை.

சனிக்கிழமை மறுபடியும் மீரான் கடை.
மேலுக்கு மட்டும் நாலு மீட்டர், நல்லது.
"சாம்பிள் காசைக் கழிச்சுக்கிடுதேன்" என்று
நூற்று அறுபதைத் தள்ளினார்.
இரண்டாயிரத்து நானூறு.
ராத்திரிக்கு ஆறு ரூபாய்.

அடித்துணிக்கு
பீரோவின் கீழ்த்தட்டில் இரண்டு வேட்டி கிடக்கிறது,
துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போனது.
ஈஸ்டருக்குள் தேட மாட்டார்.
தேடினால் பார்த்துக்கொள்ளலாம்.